படத்தில் இல்லாத தங்கச்சி

வக்கீல் எழுந்துபோய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டு, "இப்ப சொல்லுங்க தம்பி. எதையும் மறைக்கக் கூடாது" என்றார்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் சோபாவின் மூலையில் ஒடுங்கினான். அவன் செய்த குற்றமெல்லாம், அவருடைய மகளைக் காதலித்ததுதான்.

வக்கீல் ஒரு பட வட்டைச் செருகி டிவியைப் போட்டார். "இந்தப் படத்தோட புத்தகத்தப் படிச்சிருக்கீங்களா?"

"படிச்சிருக்கேன், சார்."

மகள் சொல்லிக்கொடுத்திருந்த பதில் அது. அப்பாவுக்குப் பழைய விஞ்ஞானக் கதை என்றால் உயிர். கதையையும் படத்தையும் ஒப்பிட்டுப் பேச ஆள் கிடைத்தால் சோறு தண்ணீர் வேண்டாம். படிக்கவில்லை என்று உண்மையைச் சொன்ன இரண்டு மாப்பிள்ளைகளை டீயோடு அனுப்பிவைத்துவிட்டாராம்.

டிவியில் விண்கலம் கிளம்பியது. கிளம்பிய வேகத்திலேயே வக்கீல் ரிமோட்டை அமுக்கி அதை அந்தரத்தில் நிறுத்தினார்.

"படத்துல இவன் தனியாப் போறான். கதையில?"

கடைக்காரன் அந்தப் புத்தகத்தின் அட்டையைக்கூடப் பார்த்தவனில்லை. "கதையில... கூட அவன் தங்கச்சியும் போவா, சார்."

"உம், சொல்லுங்க."

அந்த உம் அவனுக்குப் பழக்கப்பட்ட உம். கடையில் கண் பரிசோதிக்கும்போது, பலகையின் கடைசி வரி தெரியாதவர்கள் வாய்க்கு வந்த எழுத்தைத் தைரியமாகச் சொல்வார்கள். அவனும் முகம் மாறாமல் இப்படித்தான் உம் கொட்டுவான்.

சொன்னான். விண்கலத்தில் திருட்டுத்தனமாக ஏறிய தங்கச்சி, ரோபோவுக்குச் சீட்டாடக் கற்றுக்கொடுத்தாள். ரோபோ கள்ளாட்டம் ஆடப் பழகியது. பாதி வழியில் காய்ச்சல் கண்டு தங்கச்சி கண்ணை மூடினாள்.

"அந்தப் புள்ளையப் போயி படத்துல விட்டுட்டாங்களே, படுபாவிங்க." வக்கீல் மூக்கை உறிஞ்சினார்.

அவன் அடித்துவிட்டதெல்லாம் புத்தகத்தில் நிஜமாகவே இருந்து தொலைக்கிறதே. இன்னும் எத்தனை தடவை இப்படிக் குருட்டாம்போக்கில் தப்ப முடியும்? எழுந்து ஓடலாமென்றால் கால் வேறு மரத்துப்போயிருந்தது.

சமையலறை வாசலில் டீத் தட்டோடு மகள் நின்றாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

கடைசிக் காட்சி. விண்கலத்தின் கதவு திறந்தது; கதாநாயகன் வெளியே காலெடுத்து வைத்தான். வக்கீல் அவனை அப்படியே நிறுத்தினார்.

"கதையிலயும் வெளிய வர்றானா?"

ஆமாம் அல்லது இல்லை. மழுப்ப இடமில்லை. கல்யாணமே அந்த ஒரு வார்த்தையில் தொங்கியது.

"கதவு திறக்கும், சார். ஆனா வர மாட்டான்." அவனுக்கே இப்போது அந்தத் தங்கச்சி மேல் பாசம் வந்திருந்தது. "தங்கச்சி பாதியில விட்டுட்டுப் போன ஆட்டத்த முடிக்கலாம்னு ரோபோ கூப்பிடும். உக்காந்துருவான்."

வக்கீல் ரிமோட்டைக் கீழே வைத்தார். பிறகு மகள் பக்கம் திரும்பி, "கல்யாணத் தேதிய முடிவு பண்ணிரலாம்மா" என்றார்.

போன உயிர் திரும்பி வந்தது. மரத்த காலை உதறிக்கொண்டு அவன் தாழ்ப்பாளை நோக்கி நடந்தான். வக்கீல் தோளைப் பிடித்து, பழைய இடத்திலேயே அவனை உட்கார வைத்தார். அடுத்த வட்டை எடுத்துச் செருகினார்.

"இப்பப் பாத்த படத்துக்குப் புத்தகமே கிடையாது, மாப்ள. ரெண்டாம் பாகத்துக்கும் நீங்களே கதை சொல்லிருங்க."