பின்கொட்டகைப் பந்தி

மண்டப மேலாளர் அவர்களுக்கு,

உடல்நிலை காட்டும் கைப்பட்டை பச்சையாக ஒளிரும் நான் ஏன் பந்தி விதியை மீறினேன் என்று கேட்டிருந்தீர்கள். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

என் கல்யாணத்தன்று, உடம்பில் அழற்சி ஏறிப் பட்டை சிவந்தவர்களை உங்கள் ஆட்கள் பின்கொட்டகைக்கு அனுப்பினார்கள். அங்கே அவர்களுக்கு அவித்த கொள்ளும் கீரையும். என் தாய்மாமன் சங்கிலிமுத்துவும் அவர்களோடு போனார். நானும் பின்னாலேயே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எந்திரி பாப்பா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாக்குறாங்க.”

“பாக்கட்டும் மாமா. லாரி ஓட்டி, ரோட்டுக்கடை பரோட்டாவையே தின்னு என்னைப் படிக்க வச்சீங்க. இந்தச் சிவப்புலதான் நான் படிச்சேன்.”

என் கணவரும் இலையோடு வந்தார். “கொஞ்சம் தள்ளி உக்காருங்க, எனக்கும் எடம் வேணும்.”

பிறகு பந்தியே எழுந்து வந்துவிட்டது. உள்ளே ஜாங்கிரியில் ஈ மொய்த்தது. இங்கே கொள்ளுக்கு அடிதடி.

மாமாவுக்குக் கீரைதான் நல்லது என்று எனக்கும் தெரியும். அதைத் தனியாக உட்கார்ந்து தின்ன வேண்டும் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை.

வரும் தையில் என் நாத்தனார் கல்யாணம். மண்டபம் எங்களுக்கு வேண்டாம். பின்கொட்டகையை மட்டும் பதிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
செண்பகவல்லி