உதட்டோடு சேரவில்லை
காலையிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சோபாவின் ஒரு முனையில் அவள், மறுமுனையில் கணவன், நடுவில் ரிமோட். டிவியில் ஓடுவதும் ஊமைப்படம்தான். அதன் வெளிச்சம் இரண்டு முகங்களுக்கும் வெள்ளையடிக்கிறது. முதலில் பேசிவிடக் கூடாது என்று அவள் வீம்பாக இருக்கிறாள். ஆனால் கதாநாயகி இடுப்பில் கைவைத்து உதட்டை அசைத்ததும், டப்பிங் பேசியே பிழைக்கிறவளுக்குத் தொண்டை அரிக்கிறது. “வந்துட்டாரு தொரை! எங்கம்மா போன் பண்ணா எடுக்க மாட்டீங்களோ?” அச்சாகப் பொருந்துகிறது. கணவன் நெளிகிறான். திரையில் நாயகன் தொப்பியைக் கழற்றி, மண்டியிட்டு வாயைத் திறக்கிறான். ஆண்குரலுக்கு ஆளில்லை. அவள் மின்விசிறியைப் பார்க்கிறாள். கணவன் கனைத்துக்கொள்கிறான். “தப்புதான் தாயே, மன்னிச்சிடு.” அதற்குள் நாயகன் வாயை மூடிவிடுகிறான். அவள் ரிமோட்டை எடுத்துப் படத்தைப் பின்னால் ஓட்டுகிறாள். “உதட்டோட சேரல. இன்னொரு டேக்.”