பத்தாவது கேள்வி

"இந்த ஆளை எதுக்கு மறுபடியும் கூப்பிட்ட?" சமையலறைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, கணவர் அடிக்குரலில் கேட்டார்.

"கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுத்தவரே அவர்தானேங்க. கோளாறு எங்கன்னு அவருக்குத்தான் தெரியும்," என்றாள் அவள், டீயை வடிகட்டிக்கொண்டே.

"கோளாறே அவன்தான்னு நான் சொல்றேன்."

அவள் கல்லூரியில் புவியியல் பேராசிரியை. பல்கலைக்கழகத் தேர்வுகளுக்கு வினாத்தாள் தயாரிப்பவர்களில் ஒருத்தி. சென்ற பருவத்தில் அவள் தயாரித்த வினாத்தாள், தேர்வுக்கு முன்பே வெளியே போய்விட்டது. விசாரணைக் குழுவின் முன்னால் கூனிக் குறுகி நின்றாள். "உங்க வீட்டுக் கம்ப்யூட்டர்லேர்ந்துதான் போயிருக்கு. யார் எடுத்தாங்கன்னு உங்களுக்கே தெரியாதா?" என்று குழுத் தலைவர் கேட்டார். இத்தனை வருட நல்ல பெயருக்காக எச்சரிக்கையோடு விட்டார்கள். இன்னொரு முறை நடந்தால் வேலை போய்விடும்.

ஹாலில் மெக்கானிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். நடுத்தர வயது, அதிகம் பேசாத ஆள். கணவர் அவருக்கு நேர் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் பிடரியையே பார்த்தபடி அமர்ந்தார்.

"பாஸ்வேர்டு அடிங்க மேடம்," என்று சொல்லிவிட்டு, மெக்கானிக் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"முகத்தைத் திருப்பிக்கிட்டா ஆச்சா?" என்றார் கணவர். "தட்டுற சத்தத்தை வெச்சே கண்டுபிடிக்கிறவங்க இருக்காங்களாம்."

மெக்கானிக் சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை.

மெக்கானிக் பாக்கெட்டிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்ததும் கணவர் எழுந்தே விட்டார். "அது எதுக்கு?"

"வைரஸ் இருக்கான்னு பார்க்கிற மென்பொருள் சார் இது. வேணும்னா நீங்களே செருகுங்க."

கணவர் அதை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, வேறு வழியில்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

வேலை முடிய வெகுநேரம் ஆனது. மெக்கானிக் டீயைக் கையில் எடுத்தபோது அது ஆறிப்போயிருந்தது.

"பழைய அப்டேட் எல்லாம் பாக்கி இருந்தது, போட்டுட்டேன். வைஃபை பாஸ்வேர்டை மாத்திடுங்க, வாங்கினப்ப இருந்ததே இன்னும் இருக்கு. ஃபைலுக்கெல்லாம் நகல் எடுக்கிற பேக்கப் சார் போட்டு வெச்சிருக்கார், தினமும் தானாவே ஓடுது, அது நல்லதுதான். மத்தபடி வெளி ஆள் யாரும் உள்ளே புகுந்த மாதிரி தெரியல மேடம்."

"நீங்க அப்படித்தானே சொல்வீங்க," என்றார் கணவர்.

மெக்கானிக்கின் முகம் சுருங்கியது. பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, அவளைப் பார்த்து, "மேடம் புவியியல்தானே? எங்க அண்ணன் பொண்ணும் அதான் படிக்கிறா. இது கடைசி வருஷம்," என்றார்.

மெக்கானிக் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். கணவர் ஜன்னல் திரையை விலக்கி, அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேட்டியா? அண்ணன் பொண்ணாம், கடைசி வருஷமாம். அவன் வாயாலேயே வந்துடுச்சு."

"அதை மட்டும் வெச்சு ஒருத்தரைத் திருடன்னு சொல்லிட முடியுமாங்க?"

"போன தடவை பேப்பர் வெளியே போறதுக்கு முன்னாடி யார் வந்து கம்ப்யூட்டரைக் கழட்டி மாட்டினது? இவன்தானே? நாளைக்கே போய் விசாரணைக் குழுகிட்ட இவன் பேரைச் சொல்லு. உன் தலை தப்பும்."

"ரெண்டு நாள் போகட்டும்."

"உனக்கு எல்லார் மேலயும் நம்பிக்கை. அதுதான் உன் பிரச்சினை." அவர் கம்ப்யூட்டரை அணைத்தார். "ஆமா, இந்தப் பருவத்துப் பேப்பர் முடிச்சுட்டியா?"

"காலையிலேயே டைப் பண்ணிட்டேன். பத்துக் கேள்வியும் ஆச்சு."

"அதை உள்ளே வெச்சுக்கிட்டா இவனை உட்கார வெச்ச? பார்த்திருப்பானே?"

"பார்த்திருக்கலாம்," என்றாள்.

அவர் தலையில் அடித்துக்கொண்டு அப்பால் போனார். அவள் டீ டம்ளர்களை எடுத்துக் கழுவினாள். கழுவியதையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தது சற்று நேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது.

வெயில் தாழ்ந்ததும், காய்ந்த துணிகளை எடுக்கப் பால்கனிக்குப் போனாள். பால்கனிக் கதவில் தொங்கிய திரைக்கு அந்தப் பக்கம் கணவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அதே பல்கலைக்கழகத்தின் வேறு கல்லூரியில் படிக்கும் அவருடைய அக்கா மகளிடம் என்பது குழைந்த குரலிலேயே தெரிந்தது. அவள் திரையை விலக்காமல் நின்றாள்.

"அழாதடா கண்ணு. மாமா இருக்கேன்ல? புவியியல் பேப்பரை நினைச்செல்லாம் பயப்படாதே. ஏரி எப்படித் தூர்ந்து போகுதுன்னு ஒரு பாடம் இருக்கே, அதை மட்டும் நல்லா பார்த்துக்கோ. கண்டிப்பா வரும்."

உண்மையான வினாத்தாளைக் கல்லூரி அறையில் உட்கார்ந்து கையால் எழுதி, உறையிலிட்டு அரக்கு வைத்துப் போன வாரமே ஒப்படைத்துவிட்டாள். ஏரியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. இன்று காலை இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் அதைப் பத்தாவது கேள்வியாகத் தட்டி வைத்தபோது, எடுப்பது அந்த மெக்கானிக்காகவே இருக்கட்டும் என்றுதான் அவள் வேண்டிக்கொண்டாள்.