ஐந்தாவது ஃபவுல்

விசில் சொல்லும் இறுதிப்போட்டிக் கதையில் பழைய கூடைப்பந்துக்குப் பல வருடங்களாகவே சந்தேகம் இருந்தது.

விளையாட்டுச் சாமான் அலமாரிக்குப் புதுப் பந்து எது வந்தாலும் விசில் நிமிர்ந்துகொண்டு ஆரம்பித்துவிடும்.

"கடைசி நொடி. எதிரணிப் பையன் கூடைக்கு எறியும்போது நம்ம கேப்டன் ஜெபசிங் அவன் மணிக்கட்டில் தட்டிவிட்டான். நடுவர் கண்ணுக்கே தெரியலை. நான் விடுவேனா? ஊதித் தள்ளினேன்! யாரும் மறிக்காம எறிய அவனுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ. ஜெபசிங்குக்கு அது அஞ்சாவது ஃபவுல். ஆட்டத்தை விட்டே வெளியே!"

"திருட்டுத்தனமா தட்டிட்டு மாட்டிக்கிட்டாரா!" என்று இந்த முறை வந்த பந்து சிரித்தது.

பழைய பந்துக்குப் பொறுக்கவில்லை. அன்று ஆட்டத்தில் இருந்தது அதுதான். ஃபவுல் செய்தவர் தானே கையைத் தூக்கி ஒப்புக்கொள்வது அந்த மைதானத்து வழக்கம். ஜெபசிங்கின் கை தயங்காமல் உயர்ந்ததும், தலை குனியாமல் அவன் வெளியே நடந்ததும் அதன் கண்ணிலேயே நின்றன. அந்தக் கையில் தவழ்ந்த பந்து என்பதுதான் அதன் பெருமை.

அது விசில் பக்கம் உருண்டு போய்க் கேட்டது:

"அண்ணே, ஜெபசிங் கையைத் தூக்கினது நீங்க ஊதின பிறகா, ஊதுறதுக்கு முன்னாடியா?"