ஐந்தா, ஏழரையா

அவள் சைக்கிள் பெடல்களின் மேல் எழுந்து நின்றாள். அவர் சீட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

"ஆடாத அம்மிணி. இப்ப மெதுவா எறங்கு."

இறங்கினாள்.

அவர் குனிந்து, முன் சக்கரத்தின் அதிர்வை வாங்கும் ஃபோர்க்கைப் பார்த்தார். அதன் காலில் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று உண்டு. ஓட்டுகிறவரின் பாரத்தில் ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு தூரம் அது மேலே ஏறி நிற்கும்.

இப்போது ஒரு விரல்கடை கூட ஏறியிருக்கவில்லை.

"எத்தன கிலோன்னு சொன்ன?"

"அம்பத்திரெண்டுப்பா. எத்தன தடவதான் கேப்பீங்க."

ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரிப் பக்கம் ரேஸ். மேடேறிப் போய்ப் பாறைச் சரிவில் இறங்கி வர வேண்டும். மகளின் வண்டியை வெளியே யாரிடமும் விட அவருக்கு மனம் வராது. ஃபோர்க்கில் ஆயில் மாற்றுவதை வீடியோ பார்த்து, இரண்டு ரப்பர் சீல்களைக் கிழித்து, வீட்டில் திட்டு வாங்கித் தானே கற்றுக்கொண்டவர்.

ஆயிலில்தான் எல்லாமே இருக்கிறது. லேசான ஆளுக்குக் கெட்டியான ஆயிலை ஊற்றினால் ஃபோர்க் அசைந்து கொடுக்காது. கல்லில் விழுகிற இடியெல்லாம் நேராகக் கைக்கு வரும். கனமான ஆளுக்கு மெல்லிய ஆயிலை ஊற்றினால் வண்டி துள்ளும். கடைக்காரர் மெல்லிய ஐந்தாம் நம்பர் ஒன்றும் கெட்டியான ஏழரை ஒன்றும் கொடுத்தனுப்பியிருந்தார்.

"ஏழரைன்னதும் பயந்துக்காதீங்ண்ணா. பாப்பா வெயிட்ட பாத்து ஒன்ன ஒடைங்க. ஒடைக்காதத நான் திரும்ப எடுத்துக்கறனுங்" என்றிருந்தார்.

ஐம்பதுக்கு மேல் என்றால் ஏழரை.

வளையத்தைப் பார்த்தால் ஐந்துகூடக் கெட்டிதான் போலிருந்தது.

"ரேஸ் அன்னைக்கு முதுகுல தண்ணிப் பை இருக்கும்லப்பா. அதோட நின்னாத்தான கணக்கு."

அதுவும் சரிதான். முழு உடுப்போடும் தண்ணீரோடும் நிற்கவைத்துத்தான் பார்க்க வேண்டும். இதைப் போய் மறந்தோமே என்று தலையில் தட்டிக்கொண்டார். அவள் உள்ளே ஓடி ஹெல்மெட், ஷூ, பை சகிதம் வந்தாள். ஏறி நின்றாள். இறங்கினாள்.

வளையம் நிற்க வேண்டிய இடத்தில் கச்சிதமாக நின்றது.

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. கொஞ்ச நாளாக அவள் சட்டைகள் தொளதொளவென்று தொங்கின. தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. கேட்டால் ஸ்கூலிலேயே சாப்பிட்டேன் என்பாள். அவள் அம்மா இரண்டு முறை சொல்லிவிட்டாள். பிராக்டிஸ் பண்ற பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று இவர்தான் வாயை அடைத்தார். சொல்லிவிட்டாரே தவிர, மனதுக்குள் உறுத்தல்தான். இப்போது அது போயிற்று.

அவள் பையைத் தரையில் சாய்த்துவிட்டு ஷூவைக் கழற்ற உள்ளே போனாள்.

அவர் ஏழரை பாட்டிலை எடுத்து மூடியில் கை வைத்தார். காலில் பை இடித்தது. ஆயில் பட்டால் கறை போகாது. தள்ளி வைக்கலாம் என்று ஒரு கையால் தூக்கினார்.

பை லேசில் எழவில்லை.

தண்ணீர் என்றால் குலுங்கும். இது குலுங்கவும் இல்லை.

ஜிப்பைத் திறந்தார்.

குளிக்கிற துண்டு. துண்டுக்குள் அரிசி.

ஐந்து கிலோ பொன்னி, பிரிக்காத பாக்கெட். போன வாரம் அவரே வாங்கி வந்து அலமாரியில் வைத்தது.

அவருக்குக் கோபம் வந்தது. அது யார்மேல் என்று தெரியவில்லை.

அரிசியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். எதிரே இரண்டு பாட்டில்கள். ஏழரையை ஊற்றினால் அந்தக் குச்சி மணிக்கட்டு பாறைச் சரிவில் தாங்காது, எங்காவது விழுந்து வைப்பாள். ஐந்தை ஊற்றினால் வண்டி அவளுக்குப் பூப்போல இருக்கும். ஜெயித்துவிடுவாள். ஜெயித்துவிட்டு அடுத்த ரேஸுக்கு இன்னும் இளைப்பாள்.

கடைக்காரரிடம் போய் இதைக் கேட்க முடியாது.

"ஏம்ப்பா இன்னும் ஆரம்பிக்கல?"

வாசலில் நின்றாள். அவர் மடியைப் பார்த்தாள்.

அழுவாள் என்று நினைத்தார். அழட்டும் என்றுகூட நினைத்தார். அழுதால் கட்டிக்கொள்ளலாம்.

"அப்ப அஞ்சே ஊத்துங்கப்பா" என்றாள். "லேசா இருந்தா வேகமாத்தான போகும். இப்பத்தான் நீ கரெக்டா இருக்கேன்னு கோச்சே சொன்னாரு."

எலும்பு துருத்திய கன்னங்களுக்கு மேலே கண்கள் பளபளத்தன. மாட்டிக்கொண்ட வெட்கம் துளிகூட இல்லை. அவருக்குத்தான் பயமாக இருந்தது. பெற்ற பெண்ணைப் பார்த்து அவர் பயந்தது அதுதான் முதல் தடவை.

எழுந்தார். அரிசியை ஓரமாக வைத்தார். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் மாட்டி, முன் சக்கரத்தைக் கழற்றினார்.

சர்வீஸ் தொடங்கிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். உள்ளே போய்ப் பழைய பேப்பர்களை அள்ளி வந்தாள். ஆயில் சொட்டக்கூடிய இடத்தில் மண்டி போட்டு ஒவ்வொன்றாக விரித்தாள்.

அவர் சக்கரத்தோடு தெருவுக்குப் போனார். அங்கே நிறுத்தியிருந்த தன் காரின் டிக்கியில் அதை வைத்துப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"இன்னும் ரெண்டு பேப்பர் போடட்டுமாப்பா?"

குனிந்தபடியே கேட்டாள்.