ஒரு கை பாக்கி

“ஸ்வெட்டர்ல ஒரு கைதான் பாக்கி. அதே நிறத்துல இன்னும் ஒரே ஒரு நூல்கண்டு அனுப்பிடும்மா,” என்று குன்னூர் அம்மாள் மறுபடியும் கூப்பிட்டுச் சொன்னார். பூங்கோதை ஆறாவது முறையாகச் சரி என்றாள். மஞ்சிட்டி வேரை இளஞ்சூட்டில் வைத்தால் கம்பளி நூல் சிவக்கும்; கொதித்துவிட்டால் பழுப்பேறும். அன்றைக்குக் கொதித்துவிட்டது. சிவப்பிலும் சேராத, பழுப்பிலும் சேராத அந்த நூலை விற்கவே அவளுக்குக் கூசியது. அதைத்தான் அந்த அம்மாள் ஆசையாக வாங்கிப்போனார். பத்து நிமிடம், அரைமணி, முக்கால் மணி என்று கொதிக்கவிட்டுப் பார்த்தாகிவிட்டது. அந்த நிறம் வரவில்லை. முழங்கைவரை சாயம் ஏறியதுதான் மிச்சம்.

“அன்னைக்கு எவ்வளவு நேரந்தான் அடுப்புல விட்டே?” என்றான் கணவன்.

“தெரியலீங்க. ஆஸ்பத்திரில இருந்து எங்கம்மா போயிட்டாங்கன்னு போன் வந்துச்சில்ல, அப்பத்தான். ஆஸ்பத்திரிக்காரங்க வச்சப்புறமும் போனக் காதுலயே வச்சிட்டு நின்னேன்.”

அவன் வெளியே போனான். பூங்கோதை ஏழாவது கண்டை அண்டாவில் இறக்கி, தீயைக் கூட்டினாள். பிறகு அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்று, ஒலிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

“ம்... சொல்லுங்க,” என்றாள்.