மூடத் தெரியாத சிப்பிகள்

நொய்யல் கரை அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுக் குழாய்க்கும் ஓர் ஆற்றுச் சிப்பிதான் காவல். தண்ணீரில் சாயக்கழிவு கலந்தால் கண்ணாடிக் குடுவைக்குள் இருக்கும் சிப்பி வாயை மூடிக்கொள்ளும். உடனே குழாயும் தானாக அடைத்துக்கொள்ளும். இந்த வாரம் முழுக்க ஒரு சிப்பிகூட வாயைத் திறக்கவில்லை. ரேணுகா கைக்குழந்தையை லாரித் தண்ணீரில்தான் குளிப்பாட்டினாள்.

குடிநீர் வாரிய ஊழியர் திவாகர் ஒரு வாளி நிறையப் புதுச் சிப்பிகளோடு படியேறி வந்தார்.

"புது ரகமுங்க. எந்தத் தண்ணி வந்தாலும் வாயே மூடாது. இனிமே குழாய் நிக்காதுங்க."

"அப்ப ஆத்துல சாயம் வர்றது நின்னுருச்சுங்களா?"

"அதெல்லாம் மேலிடத்துச் சமாச்சாரமுங்க. பழசைக் குடுத்துருங்க."

ரேணுகா குடுவையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இதுக்கு இருக்கிற ரோசம் உங்க ஆபீசுல ஒருத்தருக்கும் இல்லீங்களே! மொதல்ல சாயப்பட்டறையை மூடிட்டு வாங்க. இது தானா வாயைத் திறக்கும்."

அவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள். திவாகர் அடுத்த வீட்டுப் பக்கம் திரும்பினார். அந்தக் கதவும் மூடிக்கொண்டது. அதற்கடுத்ததும் மூடிக்கொண்டது. மாடிக்கு மாடி தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே போனது.

அவருடைய வாளியில் மட்டும் சிப்பிகள் வாயைப் பிளந்தபடி கிடந்தன.